சமயநல்லூரைத் தாண்டினால் ஊளை

சமயநல்லூர் வரைக்கும் ஜம்பரைப் போல நல்ல பிள்ளை கிடையாது. ஒத்தக்கடை வீட்டு வாசலில் யாரும் தூக்காமலே காரில் ஏறிக்கொள்ளும். பின்சீட்டின் இடது ஓரம் அதனுடைய இடம். மாட்டுத்தாவணியின் ஹாரன் சத்தம், கோரிப்பாளையத்து நெரிசல், பாத்திமா கல்லூரி முன்னால் முட்டி மோதும் ஷேர் ஆட்டோக்கள் எல்லாவற்றையும், இறக்கிவிட்ட கண்ணாடி வழியே மூக்கை நீட்டி ரசித்துக்கொண்டு வரும்.

சமயநல்லூரைத் தாண்டி, நாலுவழிச்சாலை விரிந்து, வண்டி வேகமெடுத்த பிறகுதான் அதற்கு என்னவோ ஆகும். முதலில் தலையைச் சிலுப்பும். பிறகு ஒரு பக்கக் காதைச் சீட்டில் வைத்துத் தேய்க்கும். அடுத்து முன்சீட்டுக்கு அடியில் தலையை நுழைக்கப் பார்க்கும். அது முடியாதென்று தெரிந்ததும் ஊளை. சும்மா சிணுங்கல் இல்லை. ஆளைப் பறிகொடுத்த வீட்டில் எழுமே, அப்படியொரு ஊளை. வண்டியை ஓரங்கட்டினாலோ டோல்கேட்டில் நின்றாலோ சீக்கிரமே அடங்கிவிடும். எதுவுமே நடக்காததுபோல் வாலாட்டிவிட்டு, ஏன் நிறுத்தினீர்கள் என்று பார்க்கும்.

முனீஸ்வரிக்கு இது விளங்கவே இல்லை. விளங்காத பழுது என்றால் அவளுக்குப் பிடிக்காது. அவள் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். எங்கோ ஓரிடத்தில் கரண்ட் போனால், எதனால் போனது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. ஜம்பர் வந்ததும் அந்தப் பிழைப்பு வழியாகத்தான். துணை மின்நிலையத்தில் டிரான்ஸ்பார்மர் மேடைக்கு அடியில் மழையில் நடுங்கிக்கொண்டு கிடந்த செவலை நாய்க்குட்டியை லைன்மேன்கள் எடுத்து வந்து அவள் மேஜைக்குக் கீழே விட்டார்கள். கம்பத்தில் ஒரு கம்பியையும் இன்னொரு கம்பியையும் சேர்க்கும் துண்டுக் கம்பிக்கு ஜம்பர் என்று பெயர். அந்தப் பெயரையே அவர்கள் அதற்கு வைத்தார்கள். அவள் புருஷன் ஜெயபாண்டி ஓசூரில் வண்டிக் கம்பெனி வேலையில் இருக்க, ஒத்தக்கடை வீட்டில் அவளோடு இருந்தது அந்த ஜம்பர் மட்டும்தான்.

இப்போது அவளுக்கும் ஓசூருக்கே மாறுதல் கிடைத்துவிட்டது. வீட்டைக் காலிசெய்துகொண்டு போகவேண்டும். ஜெயபாண்டி நாயை வேண்டாம் என்று சொல்லவில்லை. நிபந்தனை ஒன்று வைத்தான். ஓசூர் நானூறு கிலோமீட்டர். அம்புட்டு தூரமும் இந்த ஊளையைக் கேட்டுக்கொண்டு தன்னால் வண்டி ஓட்ட முடியாது, நாய் சத்தமில்லாமல் வந்தால் வரட்டும், இல்லையென்றால் இங்கேயே யாரிடமாவது விட்டுவிட வேண்டும் என்றான். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே அவளுக்குக் கோபம் அதிகமாக வந்தது.

பழக்குவதற்காக ஏற்கெனவே சில தடவை கூட்டிப்போய்ப் பார்த்தாயிற்று. முதல் தடவை கண்ணாடியெல்லாம் மூடி, ஏசியைப் போட்டுப் போனார்கள். இந்தச் சின்னக் காரில் முன்னால் இருப்பவருக்குக் குளிரும். பின்னால் இருப்பவருக்குச் செய்தி மட்டும்தான் வரும். நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சை இழுத்து விட்டுத்தான் சூட்டைத் தணிக்கும். தேங்கிய காற்றில் அது பலிக்கவில்லை. கோரிப்பாளையம் வருவதற்குள் ஜம்பர் வாந்தி எடுத்துவிட, அப்படியே வீடு திரும்பினார்கள். அன்றிலிருந்து அதன் பக்கத்துக் கண்ணாடியை முனீஸ்வரி முழுசாக இறக்கிவிடுவாள். ஜெயபாண்டிக்குத் தூசி ஆகாது, தும்மல் பிடித்தால் ஓயாது. அவன் முன்கண்ணாடி இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டு ஏசியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்வான். கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசி போடுவது காசைக் கரியாக்குவது என்று அவனும், அப்படியென்றால் ஏசியை அணையுங்கள் என்று அவளும் சொல்லிச் சொல்லி ஓய்ந்த இடத்தில் நின்றுபோன ஏற்பாடு அது: முன்னால் மூடியது அவனுக்கு, பின்னால் திறந்தது நாய்க்கு.

கால்நடை மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். மாத்திரை போட்ட அன்று ஜம்பர் தூக்கக் கலக்கத்தோடு ஊளையிட்டது. வீட்டைப் பிரிகிற ஏக்கம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஏக்கம் என்றால் அது மாட்டுத்தாவணியிலேயே வரவேண்டாமா, சமயநல்லூர் வரை ஏன் காத்திருக்கிறது என்று முனீஸ்வரி கேட்டாள்.

வீட்டுச் சாமான் முதல்நாளே லாரியில் போய்விட்டது. மறுநாள் காலை, மே மாதத்து வெயில் ஏறுவதற்கு முன் காரில் கிளம்பினார்கள். பின்சீட்டின் வலது பாதி முழுக்க, கூரை தொடும்வரை அட்டைப்பெட்டிகள். இடது பாதியில் ஜம்பரும் அவளும். முன்னால் ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில், போர்வையில் சுற்றிய சாமி படங்கள். அவற்றை லாரியில் ஏற்ற ஜெயபாண்டி சம்மதிக்கவில்லை. சாமி படத்துக்கு முன்சீட்டு, எனக்கு நாயோடு இடமா என்று அவள் கேட்டதற்கு, நீயாகத்தானே அந்த இடத்தைக் கேட்டு வாங்கினாய் என்றான். அது உண்மைதான். அதற்காக அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா?

சமயநல்லூர் தாண்டியது. ஜம்பர் தலையைச் சிலுப்பியது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா என்றாள். அது அவள் சேலையைக் காலால் விலக்கி முன்சீட்டுக்கு அடியில் முட்டியது. பிறகு ஆரம்பித்தது.

ஜெயபாண்டி ஏதோ கத்தினான். ஊளையும் காற்றும் சேர்ந்த இரைச்சலில் காதில் விழவில்லை. என்ன என்று அவள் கத்தினாள். நான் சொன்னேனா இல்லையா என்று அவன் கத்தினான். சொன்னதை எத்தனை தடவை சொல்வீர்கள் என்று அவள் கத்தினாள். அவளுக்கு நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. ஜெயபாண்டியோடு இந்தச் சாலையில் வரும்போதெல்லாம் வருகிற தலைவலிதான். அதற்கு அவன்தான் காரணம் என்பதில் அவளுக்கு இதுவரை சந்தேகம் வந்ததில்லை.

வாடிப்பட்டிக்கு முன்னால் அவன் சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஒரு டீக்கடை முன் நிறுத்தினான். ஊளை நின்றது. டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவனைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் ஜெயபாண்டியின் சித்தப்பா மகன் விருமாண்டி. அலங்காநல்லூர்ப் பக்கம் காடுகரையோடு இருப்பவன். எப்போது பார்த்தாலும் நாலைந்து நாய் வைத்திருப்பான். வழியனுப்ப வந்திருக்கிறான் போல என்று நினைத்தாள். அடுத்த கணம் அவன் தோளில் கிடந்த இரும்புச் சங்கிலி கண்ணில் பட்டது.

விருமாண்டி சூதுவாது தெரியாதவன். வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டே சொன்னான்: “அண்ணே நேத்தே போன் போட்டுச் சொல்லிருச்சு மதினி. காலையிலயே வந்து நின்னுருடா, வழியில எறக்கிவிட்டுட்டுப் போறேன்னு. நீங்க கவலப்படாதீக. நம்ம மாட்டுக் கொட்டத்துல ராசா மாதிரி கெடக்கும்.”

முனீஸ்வரி சங்கிலியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் டீக்கடை பலகையில் எழுதியிருந்த விலைகளைப் படித்துக்கொண்டிருந்தான்.

கோபத்தில் பல தினுசு உண்டு. கத்தித் தீர்ப்பது ஒன்று. வெந்நீர் மாதிரி கொதித்துத் தானே ஆறிவிடும். இது அப்படி இல்லை. உள்ளே போய்க் குளிர்ந்து கெட்டிப்பட்டது. அவள் காரை விட்டு இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே நீங்க.”

“கேட்டா குடுத்துருப்பியா?”

“மாட்டேன். அதுக்குத்தான் கேக்கணும்.”

ஜெயபாண்டிக்கும் குரல் ஏறியது. இரண்டு வருஷமாகத் தான் தனியாகச் சமைத்துத் தின்றதையும், வெள்ளிக்கிழமைதோறும் விடிய விடிய பஸ்ஸில் வந்ததையும், வந்தால் நாய்க்கு மாத்திரை, நாய்க்குக் குளியல், நாய்க்கு டாக்டர் என்று இவள் ஓடியதையும் வரிசையாகச் சொன்னான். விருமாண்டி கையில் போகிறது, தெருவிலா போகிறது என்று கேட்டான். காலையில் கிளம்பும்போது நாயை ஏற்றிக்கொள்ளச் சொன்னது எதற்கு, அதற்குள் எல்லாம் முடிவாகியிருந்ததே என்று அவள் கேட்டதும் மறுபடி விலைப்பலகை பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கேதான் அவளுக்குச் சுட்டது. அவன் நாயை மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். பரீட்சை வைப்பதுபோல் வைத்து, தோற்ற மதிப்பெண்ணை முதல்நாளே எழுதி வைத்திருக்கிறான்.

இரண்டு பேருக்கும் நடுவே விருமாண்டி சமாதானம் பேசப் பார்த்தான். நாய் மேல் குற்றமில்லை, ரோடு மேல்தான் என்றான். நாலுவழிச்சாலை போட்டபோது சமயநல்லூருக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடி முனியைப் பெயர்த்து ஓரத்தில் வைத்தார்களாம். அன்றிலிருந்து அவர் உக்கிரமாக இருக்கிறாராம். மனுசக் கண்ணுக்குத் தெரியாதது நாய்க் கண்ணுக்குத் தெரியுமாம். “பேருலயே முனீஸ்வரிய வச்சுக்கிட்டு இது தெரியலையே மதினி” என்று பல்லைக் காட்டினான்.

“அப்ப அவரு எங்க சாமி. எங்க நாய ஒண்ணும் செய்ய மாட்டாரு” என்றாள் அவள். பிறகு புருஷன் பக்கம் கையை நீட்டினாள். “சாவியக் குடுங்க.”

“எதுக்கு?”

“குடுங்க. நீங்க பின்னால உக்காருங்க. நாயப் பிடிச்சுக்கங்க. விருமாண்டி, நீ முன்னால ஏறு. சாமி படத்த மடியில வச்சுக்க.”

அவள் குரலில் இருந்த எதையோ கேட்டு இரண்டு ஆண்களும் ஏறிக்கொண்டார்கள்.

இங்கே அவள் வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊர்ப்புறத்து மின்பாதை இருபது கிலோமீட்டர் நீளம் ஓடும். எங்கோ மரக்கிளை சாய்ந்து பாதை முழுக்கக் கரண்ட் போய்விட்டால், புதிதாக வேலைக்கு வந்தவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு முதல் கம்பத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ஓடுவான். அனுபவப்பட்டவன் ஓட மாட்டான். நடுவில் இருக்கும் சுவிட்சைத் திறந்து பாதையை இரண்டாகப் பிரிப்பான். முதல் பாதிக்கு மட்டும் கரண்ட் கொடுத்துப் பார்ப்பான். கரண்ட் நிலைத்தால் பழுது அந்தப் பக்கம். மறுபடி போனால் இந்தப் பக்கம். மிஞ்சுவதை மறுபடி இரண்டாகப் பிரிப்பான். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். இப்படிப் பிரித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரே ஒரு கம்பம் மிஞ்சும். பழுதுக்கு அதற்கு மேல் ஒளிய இடம் இருக்காது.

இத்தனை நாள் அவள் நாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதையைப் பிரிக்கவில்லை. கோபம் வந்த பிறகுதான் அது உறைத்தது.

முதலில் இடம். வந்த வழியே திரும்பி, சமயநல்லூர்ப் பக்கம் சர்வீஸ் ரோட்டில் மெதுவாக ஓட்டினாள். கண்ணாடிகள் அப்படியே: முன்னால் மூடியது, பின்னால் இடது பக்கம் திறந்தது. வெள்ளையும் காவியும் அடித்த முனி பீடம் வந்தது. விருமாண்டி மடியில் சாமி படத்தோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஜம்பர் பீடத்தின் மேல் தூங்கிக்கொண்டிருந்த ஆட்டைப் பார்த்து வாலை ஆட்டியது. அதோடு சரி.

“அவரு அசந்துட்டாரு போல” என்றான் விருமாண்டி.

இடம் இல்லை. அடுத்தது இன்ஜின். ஓரமாக நிறுத்தி, கியரில் போடாமல் ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிட்டாள். சாலையில் வேகமாகப் போகும்போது வருகிற அதே இரைச்சல், அதே அதிர்வு. ஜம்பர் கொட்டாவி விட்டது. ஜெயபாண்டி, நாயைப் பரிசோதிப்பதற்கு டீசலைக் கொட்டுகிறாள் என்று பெட்டிகளைப் பார்த்து முறையிட்டான்.

இன்ஜினும் இல்லை. அப்படியானால் ஓடும்போது மட்டும் வருகிற ஏதோ ஒன்று. வண்டியைத் திருப்பி, வாடிப்பட்டியைத் தாண்டி, ஆளில்லாத நல்ல சாலையில் மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டினாள். ஐம்பதில் ஜம்பர் மூக்கை வெளியே நீட்டியது. அறுபதைத் தாண்டியதும் உள்ளே இழுத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் கூட்டியதும் தலையைச் சிலுப்பியது. எண்பதைத் தொட்டபோது ஊளை கிளம்பிவிட்டது. ஆக, முனி பீடத்தை விட்டு வெகு தூரம் வந்த இந்த இடத்திலும் அதே வேகத்தில் அதே ஊளை. ஊருக்குள் வராததற்கும், டோல்கேட்டில் அடங்குவதற்கும், நாலுவழிச்சாலையில் ஆரம்பிப்பதற்கும் காரணம் ஊர் இல்லை, கேட் இல்லை, சாலை இல்லை. வேகம்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஜெயபாண்டி கத்தினான். நாயைத் திட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். கண்ணாடியில் பார்த்தால், அவன் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தான். மடியில் நாயும் அவனுமாக, தலையை ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டு, முகமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது.

“நிறுத்து. காதுக்குள்ள எவனோ தப்பு அடிக்கிறான்.”

அவள் நிறுத்தவில்லை. “எப்படி அடிக்குது? விட்டு விட்டா, சேந்தாப்புலயா?”

“அடி, இதுவா இப்ப கேள்வி? தப் தப் தப்புனு. மண்டைக்குள்ள போகுது. நிறுத்துடி.”

அவளுக்கும் கேட்டது. இத்தனை தடவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. காற்றிரைச்சல் என்று நினைத்து அதற்கு மேல் கத்திப் பேசினார்களே தவிர, அது என்ன என்று இருவரும் கேட்கவில்லை. சத்தம் என்று கூடச் சொல்ல முடியாது; காதால் கேட்பதைவிட, யாரோ உள்ளங்கையால் காதை மூடி மூடி எடுப்பதுபோல் உணர்வதுதான் அதிகம். அவளுடைய தலைவலி அதே தாளத்தில்தான் தெறித்தது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே, பின்கண்ணாடியை மூடச் சொன்னாள். அவன் கைப்பிடியைச் சுற்றி ஏற்றினான். கண்ணாடி மேலே முட்டியதும் தாளம் நின்றது. ஊளையும் நின்றது. எண்பதில், நட்டநடுச் சாலையில், ஜம்பர் மறுபடி நல்ல பிள்ளையாகிவிட்டது.

“முடிஞ்சது. மூடிட்டே போவோம்” என்றான் ஜெயபாண்டி. வெற்றி தன்னுடையதுபோல் ஒரு தோரணை அந்தக் குரலில் இருந்தது. அவள் ஓட்டிக்கொண்டே போனாள். கொடைரோடு மலைகள் கண்ணுக்குத் தெரியும்போது ஜம்பரின் நாக்கு ஒரு சாண் தொங்கியது. எச்சில் அவன் சட்டையில் ஒழுகியது. அதன் வயிறு முன்னும் பின்னும் இழுப்பதை அவன் பார்த்து, முனீஸ், முனீஸ் என்று பதறிக் கைப்பிடியைத் தேடுவதற்குள், காலையில் தின்ற தயிர்சாதம் அவன் பேண்ட்டுக்கு வந்துவிட்டது.

விருமாண்டி சாமி படத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினான்.

மூடினால் வாந்தி, திறந்தால் ஊளை. இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று. நடுவில்தான் பழுது இருக்கவேண்டும். வண்டியை ஓரங்கட்டி, ஜெயபாண்டி திட்டிக்கொண்டே துடைத்துக்கொள்ள, விருமாண்டி அவனுக்குத் தண்ணீர் ஊற்றினான். பாட்டில் காலியானதும், சும்மா இருக்க மாட்டாமல், அதன் வாயில் உதட்டை வைத்துக் குறுக்கே ஊதினான். ‘பூம்’ என்றது. ஜம்பர் காதைத் தூக்கியது.

முனீஸ்வரி பாட்டிலைப் பிடுங்கித் தானும் ஊதினாள். விருமாண்டி பயந்துபோய்ப் பார்த்தான்.

பாட்டில் ஏன் சத்தம் போடுகிறது? ஊதும் காற்று பாட்டிலுக்குள் நேராகப் போவதில்லை. வாயைக் குறுக்கே கடந்து போகிறது. போகிற போக்கில் கொஞ்சம் உள்ளே நுழைந்து அங்கிருக்கும் காற்றை அமுக்குகிறது. அமுங்கிய காற்று வில் மாதிரி திருப்பித் தள்ளுகிறது. தள்ளிய வேகத்தில் கொஞ்சம் அதிகமாகவே வெளியே போய்விடுவதால் உள்ளே காற்று குறைகிறது. மறுபடி உள்ளே இழுக்கிறது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று இந்த ஊஞ்சல் ஆடுவதுதான் அந்தச் சத்தம். சின்னப் பாட்டிலில் ஊஞ்சல் வேகமாக ஆடும், காதுக்குக் கேட்கும். பாத்திரம் பெரிதாகப் பெரிதாக ஆட்டம் மெதுவாகும். ஒரு காரையே பாட்டிலாக வைத்துக்கொண்டால்? எல்லாக் கண்ணாடியையும் மூடி ஒன்றை மட்டும் திறந்து வைத்த கார், ஒற்றை வாய் வைத்த பாட்டில்தான். எண்பது வேகத்தில் ஓடினால் காற்று அந்த வாயைக் குறுக்கே ஊதிக்கொண்டே போகிறது. ஊஞ்சல் ஆடுகிறது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு காதையும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அமுக்கி அமுக்கி விடுகிறது. திறந்த வாய்க்குப் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஜம்பர்.

அந்தப் பாட்டிலை அவர்கள்தான் செய்திருக்கிறார்கள். அவன் முன்னால் மூடி, அவள் பின்னால் திறந்து. இரண்டு பேரில் யார் விட்டுக்கொடுத்து முழுசாக மூடியிருந்தாலும், முழுசாகத் திறந்திருந்தாலும் அது பாட்டிலாகியிருக்காது.

விருமாண்டியிடம் கத்தி இருந்தது. பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை போடச் சொன்னாள். போட்டான். இப்போது ஊதச் சொன்னாள். கன்னம் உப்ப ஊதினான். வெறும் காற்றுத்தான் வந்தது. இன்னொரு வழி இருந்தால் உள்ளே காற்று அமுங்காது, அமுங்காவிட்டால் திருப்பித் தள்ளாது, ஊஞ்சல் ஆடாது.

“ஏறுங்க” என்றாள்.

மறுபடி எண்பது. பின்னால் இடது கண்ணாடி முழுசாகத் திறந்திருந்தது. தப் தப் தப் என்று ஆரம்பித்தது. ஜம்பர் தலையைச் சிலுப்பியது. ஜெயபாண்டி காதைப் பொத்தினான். அவள் தன் பக்கத்து முன்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். தாளம் தடுமாறியது. இன்னும் கொஞ்சம் இறக்கினாள். அறுந்தது. சாதாரணக் காற்று மட்டும் ஒரு மூலையில் நுழைந்து எதிர்மூலையில் வெளியே போனது. ஜம்பர் ஒரு நிமிஷம் நம்பாமல் நின்றது. பிறகு மூக்கை வெளியே நீட்டியது.

அவள் கண்ணாடியை ஏற்றினாள். ஊளை. இறக்கினாள். நின்றது. எதற்கு அதைப் போட்டுப் படுத்துகிறாய் என்று ஜெயபாண்டி கேட்டான். நாய்க்காக அவன் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனித்தாள், இளகவில்லை. சரிசெய்ததை எடுத்துவிட்டால் பழுது திரும்பி வரவேண்டும். வந்தால்தான் கண்டுபிடித்தோம் என்று அர்த்தம், இல்லாவிட்டால் தானாகச் சரியானது, தானாகவே திரும்பவும் வரும் என்றாள். விருமாண்டி தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கிப் பார்த்தான். அதுவும் உதவியது, ஆனால் அவள் பக்கம் இறக்கியபோது அறுந்ததுபோல் சுத்தமாக அறுபடவில்லை.

டீக்கடைக்குத் திரும்பி வந்து விருமாண்டியை இறக்கிவிட்டார்கள். அவன் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் ஏமாற்றமாகவும் கொஞ்சம் சந்தோஷமாகவும் நின்றான். முனி பேரில் பழி போட்டுவிட்டோமே, போகிற வழியில் ஒரு சூடம் கொளுத்திவிட்டுப் போகிறேன் என்றான்.

ஜெயபாண்டி வேறு பேண்ட் மாற்றிக்கொண்டு வந்தான். டீ வாங்கி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். சரி, நாய் வரட்டும் என்று பெரிய மனசு பண்ணுகிறவன்போல் தொடங்கினான். அவள் நடுவிலேயே நிறுத்தினாள்.

“நாய் வருது. அதுல நீங்க சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. எங்கிட்டக் கேக்காம ஆள வரச் சொன்னீகளே, அது இன்னும் முடியல. ஓசூர் போய் வீட்டத் திறந்து உக்காந்து பேசுவோம். நான் மறக்க மாட்டேன்.”

அவன் டீக்குக் காசு கொடுத்தான். பிறகு, கரூர் வரைக்கும் நீ ஓட்டு, அதற்குப் பிறகு நான் ஓட்டுகிறேன் என்றான். தூசி வருமே என்று அவன் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். சொல்லவில்லை. கைக்குட்டையை முகமூடி மாதிரி மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

அவள் கோபம் குறையாமல்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பழுதைக் கண்டுபிடித்தால், அடுத்து ஓட்டப்போகிறவனிடம் அதை ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவேண்டும். அவளுக்கு அப்படித்தான் பழக்கம். அதனால் காரில் ஏறுவதற்கு முன் அவனை நிறுத்தி, கண்ணாடியில் கையை வைத்துக் காட்டிச் சொன்னாள்: ஜம்பர் பக்கத்துப் பின்கண்ணாடி முழுசாகத் திறந்திருக்கவேண்டும், ஓட்டுகிறவர் பக்கத்து முன்கண்ணாடி நாலு விரல் இறங்கியிருக்கவேண்டும்.